மிதக்கிற செடிக்கு மண் மூட்டை எதற்கு?

கேள்வி: இரண்டடி மீன் தொட்டியில் ஆற்று மணலைக் கழுவிப் போட்டு, வாலிஸ்னேரியா, கபோம்பா, அனுபியாஸ், லக்கி பேம்பூ எல்லாம் நட்டேன். மறுநாள் காலையில் பாதிச் செடி மேலே மிதக்கிறது. 'மணலில் நிற்காது, செடி மண் மூட்டை வாங்கிப் போடுங்கள், 1,800 ரூபாய்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? தொட்டியில் இரண்டு கோல்டுஃபிஷ் உண்டு.
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வாங்க வேண்டாம். அந்த மண் செடிக்குச் சாப்பாடுதான், பிடிமானம் இல்லை. சொல்லப்போனால் மணலைவிட லேசு. வேர் பிடிக்கும் முன் செடி அதிலிருந்தும் கிளம்பி வரும். உங்கள் கோல்டுஃபிஷ் கிளறினால் தண்ணீரும் கலங்கிப்போகும்.

மணல் எத்தனை அங்குலம் என்று நீங்கள் எழுதவில்லை. நடுகிற இடத்தில் இரண்டு, இரண்டரை அங்குலம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நைஸ் மணல் இறுகி, அடியில் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

பிசான நெல் பருவத்துக்கு நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். வயல் நிறையத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு யாரும் நடுவதில்லை. அதே மாதிரி, மீனைத் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றிவிட்டு, கால்வாசித் தண்ணீரில் நடுங்கள். திரும்ப நிரப்பும்போது ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். நட்ட செடியைப் பெயர்ப்பது பெரும்பாலும் இந்த ஊற்றுகிற வேகம்தான்.

வாலிஸ்னேரியாவை வேர் மறையும்படி கொஞ்சம் ஆழமாகவே செருகி, பிறகு இலை கிளம்பும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே தெரியும்வரை லேசாக இழுத்துவிடுங்கள். வேர் கீழ்நோக்கி விரிந்து உட்காரும். சுற்றிலும் நாலு கூழாங்கல் வைத்தால் மீன் தோண்டாது.

கபோம்பா கடையிலிருந்து ஈயப் பட்டை சுற்றிய கொத்தாகத்தான் வந்திருக்கும். அப்படியே புதைத்தால் இறுகிய இடத்தில் தண்டு அழுகி, மேல்பாகம் மட்டும் மிதக்கும். பட்டையைக் கழற்றி, அடி இரண்டு அங்குலத்துக்கு இலையை உருவி, ஒவ்வொரு தண்டாகச் சாய்த்துச் செருகுங்கள். ஆனால் கோல்டுஃபிஷ் இருக்கிற தொட்டியில் கபோம்பாவுக்கு ஆயுசு குறைவு, கீரை மாதிரி மென்றுவிடும். மறுபடி காசு போடாதீர்கள்.

அனுபியாஸை மணலில் நடவே கூடாது. இஞ்சி மாதிரி படுத்திருக்கிற அதன் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லின் மேல் வைத்துக் கறுப்பு நூலால் கட்டி, கல்லோடு தொட்டிக்குள் இறக்குங்கள். நாளடைவில் வேரே கல்லைப் பிடித்துக்கொள்ளும். இலை தடிப்பு என்பதால் மீனும் பெரும்பாலும் சீண்டாது. உங்கள் தொட்டிக்கு இதுதான் தோது.

சரி, லக்கி பேம்பூ. அது மூங்கிலும் அல்ல, நீர்ச்செடியும் அல்ல. முழுதாக மூழ்கினால் கொஞ்ச நாளில் அழுகும். மற்றவை மிதந்ததற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது; இதைத் தண்ணீருக்குள் வளரும் என்று சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. பில்லோடு போய் முதலில் பேசிப் பாருங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவரை செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, அடி மட்டும் நனையும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.