நாய் பார்க்கிற வேலை

அன்புள்ள ஐயா,

பெட்டிமுடி நிலச்சரிவில் பிள்ளையைத் தேடிப் போன குவி என்ற நாயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன். என் தம்பி பட்டாளத்தில் குதிரை, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவான ரீமவுண்ட் வெட்டரினரி கோரில் சேர்ந்திருக்கிறான். மீரட்டில் டாக் ஹேண்ட்லர், அதாவது நாயை வேலைக்குக் கூட்டிப் போகிறவர், பயிற்சி. செய்தி தெரிந்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "நாய் குளிப்பாட்டவா பெத்து வளர்த்தேன்" என்கிறார். தெருவிலும் ஒரு மாதிரியாகத்தான் கேட்கிறார்கள். அவனோ போனில் நாயைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. எனக்கு இருக்கிற குழப்பம் வேறு. நாடு எது, எதிரி யார் என்று தெரியாத பிராணியைக் குண்டுக்கு முன்னால் நிறுத்துவது பாவம் இல்லையா? இன்னொன்று, மலைக்குக் கீழே கோம்பை என்ற நம் நாட்டு நாய் இருக்க, வெளிநாட்டு லாப்ரடாரை ஏன் தேடுகிறார்கள்?

ம., குமுளி

அன்புள்ள ம.,

முதலில் அம்மாவின் வருத்தம். நம் மொழியில் நாய் என்பது வசவுச் சொல். அது அம்மாவின் குற்றம் இல்லை. ஆனால் தம்பியின் வேலை எங்கே நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காஷ்மீரில் காலையில் ராணுவ வண்டிகள் கிளம்புவதற்கு முன் சாலையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்து வர ஒரு குழு போகும். நாய் போகும் குழுவில் முன்னால் நாய், அதன் பின்னால் வாரைப் பிடித்தபடி ஹேண்ட்லர், அப்புறம்தான் துப்பாக்கியோடு மற்றவர்கள். பின்னால் வருகிற அத்தனை பேரின் உயிரும் அந்த மூக்கையும், அந்த மூக்கைப் படிக்கத் தெரிந்தவனையும் நம்பித்தான் நகர்கிறது.

படிப்பது என்று சொன்னது சும்மா இல்லை. வண்டிப்பெரியாரில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அப்பா அம்மா இருவரும் கொழுந்து கிள்ளியவர்கள், எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 17 வருடம் நாயோடு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். உங்கள் கடிதம் வந்ததும் அவரைப் பார்க்கப் போனேன். புதிதாக வருகிற பையனுக்கு அவர் சொல்கிற முதல் பாடம், "ரோட்டைப் பாக்காத, காதைப் பாரு." நாயின் காது ஒரு பக்கம் திரும்பி நின்றால், வால் அசைவது சட்டென்று நின்றால், முதுகு ரோமம் எழும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது. பதுங்கிக் காவல் இருக்கும் நாய் குரைக்கக் கூடாது. அது உடம்பால் சொல்வதை இருட்டில் ஹேண்ட்லர் கையால் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கை எப்போதும் அதன் தோள்மேல் இருக்குமாம். வெடிமருந்து கண்டுபிடிக்கும் நாய், வாசனை கிடைத்ததும் அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். தொடாது, கிளறாது. கூலி ஒரு பந்து.

தடம் பிடிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். நாய் ஆளின் வாசனையை மட்டும் பிடிப்பதில்லை. மிதிபட்ட புல்லுக்கும் கிளறுபட்ட மண்ணுக்கும் தனி வாசனை உண்டு, அதையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அதனால் பனி காயாத காலை நேரம் நல்லது. வெயில் ஏறி மண் சுட்டால் தடம் கலைந்துவிடும். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். இரைக்க ஆரம்பித்த நாய்க்கு மோப்பம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு "போ போ" என்று விரட்டினால் நாயும் வீண், தடமும் வீண். உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதிகாரி முறைப்பாராம். "முறைக்கட்டும், எனக்குத் தெரியும் அவளை" என்றார் தன் நாயைச் சொல்லி. பேசிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, இல்லாத ஒரு பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்குகளில் முள் இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக் காட்டினார். நடித்துக் காட்டுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அம்மாவுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடவில்லை, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயர் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1,400 வருடமாக அந்தப் பெயர் கல்லில் நிற்கிறது. நாயை வசவாக்கிய அதே தமிழில்தான் இதுவும் இருக்கிறது.

கோம்பை பற்றிக் கேட்டீர்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கர்நாடகத்து முதோல் நாய்களை மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சியும் கொடுத்தார்கள். கோம்பையின் சிக்கல் அதன் குணம். ஒரு வீட்டை, ஓர் ஆளை வரித்துக்கொண்டால் மாற்றாளிடம் லேசில் போகாது. பட்டாளத்தில் ஹேண்ட்லருக்கு மாறுதல் வரும், காயம் படும், நாய் இன்னொருவரிடம் போக வேண்டியிருக்கும். லாப்ரடார் பந்தை யார் எறிந்தாலும் ஓடும். எனக்கு கோம்பைமேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. நாய்க்கு நாடு தெரியாது என்பது சரி. எல்லைக் கோடும் தெரியாது, பதக்கமும் தெரியாது. அதற்குத் தெரிவது வாரின் மறுமுனையில் இருக்கும் ஓர் ஆள். 2023 செப்டம்பரில் ரஜோரியில் நடந்த சண்டையில் கென்ட் என்ற ஆறு வயது லாப்ரடார் தன் ஹேண்ட்லரைக் காப்பாற்றும்போது குண்டு பட்டு இறந்தது. 2015இல் காஷ்மீரின் தங்தார் பகுதியில் மான்சி என்ற நாயும் பஷீர் அகமது வார் என்ற அதன் ஹேண்ட்லரும் ஒரே சண்டையில் போனார்கள். இந்த நாய்கள் போனது அந்த ஓர் ஆளோடு. குவி பெட்டிமுடியில் செய்ததும் இதுதானே? 2020 ஆகஸ்ட் 6 இரவில் மலை சரிந்து 70 பேர் போன பிறகு, யாரும் ஏவாமல், யாரும் பழக்காமல், தன்னோடு விளையாடிய பிள்ளையைத் தேடிப் போய் ஆற்றோரம் நின்றது.

அப்படிப்பட்ட நம்பிக்கையை வேலைக்கு எடுத்துக்கொள்வது பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை ஏமாற்றுவது பாவம், அதை அழுத்தமாகச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவம் நாய்களுக்கு டாங்கிக்கு அடியில் சாப்பாடு வைத்துப் பழக்கி, பிறகு முதுகில் வெடியைக் கட்டி அனுப்பியது. சோறு இருக்கும் என்று நம்பித்தான் அவை ஓடின. வியட்நாமுக்கு அமெரிக்கா கொண்டுபோன நாய்கள் சுமார் 4,000. திரும்பி வந்தவை 200 அளவுக்குத்தான். தளவாடக் கணக்கில் இருந்ததால், போரில் சாகாமல் மிஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றோ அங்கேயே விட்டோ வந்தார்கள். நம் ராணுவத்திலும் வேலைக்கு ஆகாத நாய்களை ஊசி போட்டுக் கொல்வது வழக்கமாக இருந்தது. 2015இல் அது வெளியே தெரிந்து, எதிர்ப்பு கிளம்பி, டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகுதான் ஓய்வு பெற்ற நாய்களைப் பராமரிக்கவும் தத்துக் கொடுக்கவும் வழி பிறந்தது. கேரள போலீஸ் திருச்சூர் அகாடமியில் வயதான நாய்களுக்கென்றே ஓர் இல்லம் வைத்திருக்கிறது. குண்டு பட்டுச் சாகும் நாய்க்கு என்னிடம் ஆறுதல் சொல் எதுவும் இல்லை. கிழடான நாய்க்கு ஒரு திண்ணையும் ஒரு கிண்ணமும் கொடுக்க முடியும். அதைக் கொடுக்காத காலத்தை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மேல்வீட்டுக்காரர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தோல் வார் தொங்குகிறது. அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்ட நாயினுடையது. அவருக்கு மாறுதல் வந்தபோது அந்த நாய் வேறொருவரிடம் போனது. போன பிறகு இரண்டு நாள் அது சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டாராம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பி அடுத்த முறை போன் செய்யும்போது நாயின் பெயரை அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். அவனிடம் பேச வேண்டும் என்று மேல்வீட்டுக்காரரும் சொல்லியிருக்கிறார். எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பகலில் ஏலத்தோட்டத்தில் இருப்பார், அங்கே சிக்னல் கிடைக்காது. மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள்.