வெளி ஏபிஐகளை அழைக்கும் திறமூல லைப்ரரிகள்: கேள்வி பதில்

வலைச் செயலியிலிருந்து வெளி ஏபிஐகளை (மற்றொரு சேவையின் தரவையோ வசதியையோ நிரல்வழி கேட்டுப் பெறும் வாயில்களை) அழைப்பதற்கான திறமூல லைப்ரரிகளைப் (ஆயத்த நிரல் தொகுப்புகளைப்) பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் இரண்டு மூன்று கேள்விகள் எங்கும் அடிக்கடி எழுபவை என்பதால் அவற்றுக்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பைத்தானில் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி மூலம் ஒரு வானிலை ஏபிஐயை அழைக்கிறோம். சில நாட்களில் எங்கள் தளம் முழுவதும் உறைந்துவிடுகிறது. ஆனால் பிழைப் பதிவில் ஒன்றுமே இல்லை. காரணம் என்ன?

பதில்: பிழை எதுவும் பதிவாகவில்லை என்பதிலிருந்தே காரணத்தை ஊகிக்கலாம். ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட், அதாவது காத்திருப்பதற்கான காலவரம்பு, தானாக அமைவதில்லை. நீங்கள் கொடுக்காவிட்டால், எதிர் சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கும் வரை உங்கள் நிரலும் காத்துக்கொண்டே இருக்கும். உங்கள் சர்வரில் நான்கு வொர்க்கர்கள் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் செயல்முறைகள்) ஓடுகின்றன என்றால், இப்படிச் சிக்கிய நான்கு அழைப்புகளே தளத்தை நிறுத்திவிடப் போதும். இணைப்புக்கு ஒன்று, பதிலைப் படிப்பதற்கு ஒன்று என இரண்டு காலவரம்புகளைத் தனித்தனியாகக் கொடுக்க ரெக்வெஸ்ட்ஸ் இடமளிக்கிறது. இணைப்புக்கு 3 விநாடி, படிப்பதற்கு 10 விநாடி என்று தொடங்கி, அந்த ஏபிஐயின் வழக்கமான வேகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. படிப்பதற்கான வரம்பு என்பது மொத்த நேரத்துக்கான வரம்பு அன்று. தரவு வந்துகொண்டிருக்கையில் இடையே எவ்வளவு நேரம் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது என்பதற்கான வரம்பு மட்டுமே. எதிர் சர்வர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தரவை அனுப்பினால், 10 விநாடி வரம்பு இருந்தும் அழைப்பு பல நிமிடங்கள் நீளக்கூடும். பைத்தானின் இன்னொரு லைப்ரரியான எச்டிடிபிஎக்ஸ் 5 விநாடி வரம்பைத் தானாகவே வைத்துக்கொள்கிறது. பிஎச்பியின் கசிலிலும் ஜாவாஸ்கிரிப்டின் ஆக்சியோஸிலும் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. யாருடைய நிரலைப் பார்வையிட்டாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு மதிப்பைத்தான்.

கேள்வி: ஏபிஐயிடமிருந்து 503 (சர்வரால் இப்போது சேவை தர இயலவில்லை) அல்லது 429 என்ற பிழைக் குறியீடு வந்தால் மூன்று முறை மீண்டும் அழைக்கும்படி ஒரு லூப் எழுதியிருக்கிறேன். அது போதுமா?

பதில்: இடைவெளி இல்லாத லூப் என்றால், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சர்வரின் சுமையை அது இன்னும் கூட்டும். ரெக்வெஸ்ட்ஸின் அடியில் இயங்கும் யூஆர்எல்லிப்3 லைப்ரரியிலேயே ரீட்ரை என்ற கிளாஸ் இருக்கிறது. எத்தனை முறை, எந்தக் குறியீடுகளுக்கு மீண்டும் அழைப்பது என்பதையும், இயல்பாக 0 ஆக இருக்கும் பேக்ஆஃப் ஃபாக்டர் என்ற இடைவெளி மதிப்பையும் கொடுத்து, அதை ஒரு செஷனில் (பல அழைப்புகளுக்குப் பொதுவான அமைப்பில்) பொருத்தினால், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரம் இரட்டித்துக்கொண்டே போகும். 'அளவுக்கு மேல் அழைக்கிறீர்கள்' என்று சொல்லும் 429 குறியீடு 2012இல் ஆர்எஃப்சி 6585 வழியாக வந்தது. எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும் என்பதை அதனுடன் ரீட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடரில் (பதிலின் தலைப்புத் தகவலில்) சர்வர் சொல்லலாம். சொன்னால் யூஆர்எல்லிப்3 அதற்கு மதிப்பளிக்கும். இவ்வளவும் ஆயத்தமாக இருக்கும்போது சொந்த லூப் எழுதுவது வீண்வேலை என்பதே என் கருத்து.

கேள்வி: அந்த ரீட்ரை கிளாஸ் கெட் (தரவைக் கேட்கும்) அழைப்புகளை மீண்டும் அனுப்புகிறது, போஸ்ட் (புதிய தரவை அனுப்பும்) அழைப்புகளை விட்டுவிடுகிறது. இது பிழையா?

பதில்: பிழையல்ல; தெரிந்தே செய்த முடிவு. கெட், புட் (மாற்றி எழுதுவது), டெலீட் (அழிப்பது) ஆகியவற்றை ஒருமுறை செய்தாலும் இருமுறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது, இந்த அழைப்புகள் பின்பற்றும் நெறிமுறையான எச்டிடிபியின் விதி. போஸ்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு முன்பதிவுச் செயலியில், பணம் செலுத்தும் அழைப்பு டைம்அவுட் ஆனதும் அது தோற்றுவிட்டது என்று எண்ணி மீண்டும் அனுப்பும்படி அமைத்திருந்தேன். உண்மையில் முதல் அழைப்பு மறுமுனையில் நிறைவேறியிருந்தது. பதில் மட்டுமே வழியில் தொலைந்திருந்தது. ஒருவரிடம் இருமுறை பணம் பிடிக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் எங்களை நம்பத் தயங்கினார், அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆகவே டைம்அவுட் என்பதற்குப் பொருள் 'நடக்கவில்லை' என்பதன்று, 'நடந்ததா என்று தெரியவில்லை' என்பதே. ஸ்ட்ரைப் போன்ற பணப்பரிமாற்ற ஏபிஐகள் ஐடெம்பொடென்ஸி-கீ என்ற ஹெடரை ஏற்கின்றன. ஒரு செயலுக்கு ஒரே ஒரு சாவியை (அந்தச் செயலை மட்டும் குறிக்கும் அடையாளத்தை) உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே சாவியை அனுப்பினால், சர்வர் இரண்டாம் முறை பணம் பிடிக்காமல் முதல் விடையையே திருப்பித் தரும். சாவியை அழைப்புக்கு முன்பே உங்கள் டேட்டாபேஸில் சேமித்துவிடுங்கள். ஏபிஐ இந்த வசதியைத் தராவிட்டால், போஸ்ட்டை மீண்டும் அனுப்பாமல் முதலில் நிலையைக் கேட்டறியுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் உள்ளமைந்த ஃபெட்ச் போதுமா, ஆக்சியோஸ் லைப்ரரி வேண்டுமா?

பதில்: சிறிய செயலிக்கு ஃபெட்ச் போதும், 2022இல் வந்த நோட் 18 (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் தளம்) முதல் அது சர்வர் பக்கத்திலும் இயல்பாகவே கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: 404 (கிடைக்கவில்லை), 500 (சர்வர் பிழை) போன்ற பதில்களை ஃபெட்ச் பிழையாகக் கருதாது. பதிலின் ஓகே மதிப்பை நீங்களே சோதிக்கவேண்டும். ஆக்சியோஸ் அவற்றைப் பிழையாக எறிந்துவிடும்.

கேள்வி: ஏபிஐ சாவியை (ஏபிஐக்கு நம்மை அடையாளம் காட்டும் ரகசியக் குறியை) பிரவுசர் நிரலில் மறைத்து வைக்க வழி உண்டா?

பதில்: இல்லை. பிரவுசருக்குப் போன எதையும் பயனரால் பார்க்கமுடியும். சாவியைச் சர்வரிலேயே வைத்து, அங்கிருந்து அழையுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்கெனவே கமிட் செய்திருந்தால் (பதிந்திருந்தால்), வரியை அழிப்பதால் பயனில்லை; பழைய கமிட்டுகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியை ரத்துசெய்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கேள்வி: ஒரு லைப்ரரியை நம்பலாமா என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: பதிவிறக்க எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நோட் உலகில் பெரும் புகழ்பெற்றிருந்த ரெக்வெஸ்ட் என்ற லைப்ரரி 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் எண்ணற்ற திட்டங்கள் அதைச் சுமந்துகொண்டிருந்தன. கடைசி வெளியீடு எப்போது வந்தது, பாதுகாப்புக் குறைகளுக்கு எவ்வளவு விரைவில் திருத்தம் வருகிறது, அது வேறு எத்தனை லைப்ரரிகளை இழுத்து வருகிறது என்று பாருங்கள். உரிமத்தையும் படியுங்கள்: ரெக்வெஸ்ட்ஸ் அப்பாச்சி 2.0, ஆக்சியோஸ் எம்ஐடி. இரண்டையும் வணிகச் செயலிகளில் தடையின்றிப் பயன்படுத்தலாம். எதைத் தேர்ந்தாலும், வெளி அழைப்புகள் அனைத்தையும் ஒரே மாட்யூலுக்குள் வைத்து, மற்ற நிரல் அந்த லைப்ரரியின் பெயரையே அறியாதபடி எழுதுங்கள். அது கைவிடப்படும் நாளில் ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.