எந்த மூன்று? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஹானா, துல், ஸெட் என்று ஒரு வரிசை. இல், இ, ஸாம் என்று இன்னொன்று. இரண்டும் பத்து வரை மனப்பாடம். ஆனால் மூன்று மணிக்கு ‘ஸாம் ஷி’ என்றாலும் தப்பு, ‘ஸெட் ஷி’ என்றாலும் தப்பு என்கிறார்கள். எதைத்தான் சொல்வது?

க.

அன்புள்ள க.,

‘ஸெ ஷி.’ இரண்டாவது விடையில் ஒரு மெய்தான் கூடிவிட்டது.

நாம் ‘ஒன்று பழம்’ என்பதில்லை, ‘ஒரு பழம்’ என்கிறோம். அங்கும் அப்படியே. வெறுமனே எண்ணினால் ஹானா, துல், ஸெட், நெட். பின்னால் ‘பேர்’, ‘மணி’ போல எதை எண்ணுகிறோம் என்று காட்டும் அலகுச்சொல் வந்தால் ஹான், து, ஸெ, நெ. இருபதும் ‘ஸுமுல்’ என்பதிலிருந்து ‘ஸுமு’ ஆகும். ஐந்து முதல் பத்து வரை மாற்றமில்லை.

எந்த வரிசை என்பதையும் அந்த அலகுச்சொல்தான் முடிவு செய்கிறது. பொருளுக்கு ‘கே’, ஆளுக்கு ‘ம்யொங்’, விலங்குக்கு ‘மாரி’, வயதுக்கு ‘ஸால்’, மணிக்கு ‘ஷி’: இவற்றின் முன் ஹானா வரிசை, அதாவது கொரியத்தின் சொந்த எண்கள். தேதி, நிமிடம், மாடி, பணம், தொலைபேசி எண் எல்லாம் சீனத்திலிருந்து வந்த இல், இ, ஸாம். எனவே மூன்றரை மணி ‘ஸெ ஷி ஸாம்ஷிப் புன்’. ஒரே மூச்சில் இரண்டு வரிசை!

இந்த ‘புன்’ கொஞ்சம் பொல்லாதது. ‘ஸாம் புன்’ மூன்று நிமிடம். ‘ஸெ புன்’ என்றால் மரியாதையாக மூன்று பேர். உணவகத்தில் இன்னொரு சிக்கல்: ஆட்கள் ‘ஸெ ம்யொங்’, ஆனால் இறைச்சி மூன்று பேர் அளவுக்கு வேண்டுமென்றால் ‘ஸாம் இன்புன்’. ஆகவே எண்ணைத் தனியாக உருப்போடாதீர்கள். அலகோடு சேர்த்து, முடிந்தால் பொருளையும் முன்னால் வைத்துச் சொல்லிப் பழகுங்கள்: ‘ஸாக்வா ஸெ கே’, ஆப்பிள் மூன்று.

சொந்த எண்கள் 99 வரைதான். நூறுக்கும் ஆயிரத்துக்கும் இருந்த ‘ஒன்’, ‘ஜுமுன்’ ஆகிய பழைய சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. நூறு இப்போது சீன வழியில் ‘பேக்’.

பணத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாம் ஆயிரத்துக்குப் பின் லட்சத்துக்குத் தாவுகிறோம். கொரியர்களுக்குப் பத்தாயிரமே தனி அலகு, ‘மான்’. கடைசி நான்கு இலக்கங்களைப் பிரித்து வைத்துப் படியுங்கள். 35,000 வொன்னில் 3 மான், 5 ஆயிரம்: ‘ஸாம்மான் ஓசொன் வொன்’. லட்சம் என்பது பத்து மான். எழுத்தில் ‘ஷிப்மான்’, பேச்சில் ‘ஷிம்மான்’. கோடி ஆயிரம் மான். பத்து கோடிக்குத்தான் ‘ஒக்’ என்ற அடுத்த அலகு. மில்லியன் வழியாகக் கணக்குப் போட்டால் பூஜ்யம் தவறிவிடும். வெறும் 10,000 என்றால் முன்னால் ‘இல்’ வேண்டாம், ‘மான் வொன்’ போதும்.

உச்சரிப்பில் நம் பழக்கதோஷம் ஒன்று உண்டு: ‘ஸெட்டு’, ‘நெட்டு’ என்று உகரம் சேர்ப்பது. நாக்கை மேலே ஒட்டி அப்படியே நிறுத்திவிடுங்கள், காற்றை வெளியே விடவேண்டாம். ‘இல்’, ‘இ’ இரண்டிலும் லகரம்தான் ஒன்றையும் இரண்டையும் பிரிக்கிறது. தொலைபேசி எண் சொல்லும்போது அதை விழுங்கிவிடாதீர்கள்.