‘ஒன்றாம் தேதியிலிருந்து மாத்திரையே வேண்டாம் என்றிருக்கிறேன்’

கேள்வி: வயது 41. இரண்டு வருடங்களுக்கு முன் சாலை விபத்து. உடம்பு தேறிவிட்டது, தூக்கம் தேறவில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிவாரிப் போடும். இரவு ஒன்று என்று கொடுத்த பதற்ற மாத்திரை அல்பிரசோலம் 0.5 மி.கி. இப்போது காலை 8, மதியம் 2, இரவு 9 என்று மூன்றாகிவிட்டது. 14 மாதமாகப் பழைய சீட்டை வைத்தே வாங்குகிறேன். சில இரவுகளில் இரண்டு பெக்கும் உண்டு. இது மறதி நோயைக் கொண்டுவரும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் போன மாதம் நிறுத்தினேன். இரண்டாம் நாள் கைநடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் டியூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை, தோல்மேல் எறும்பு ஊர்ந்தது. பயந்துபோய் மறுபடி போட்டேன். விடியற்காலை 5 மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வருகிறது. இசிஜி, தைராய்டு சரி. விரல் மரத்துப்போகிறது, காதில் இரைச்சல், ஏப்பம், முடி கொட்டுகிறது. மனநிலை பிறழ்கிறதா? நான் போதை அடிமையா? வருகிற ஒன்றாம் தேதி முதல் மன உறுதியோடு ஒரேயடியாக நிறுத்தப் போகிறேன்.

மருத்துவர் பதில்:

ஒன்றாம் தேதி எதையும் நிறுத்தாதீர்கள். மன உறுதியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் வேலை வரும்.

உங்களுக்கு மனநிலை பிறழவில்லை. மூன்றாம் நாள் ஊர்ந்த எறும்பு, மருந்து திடீரென நின்றதால் வந்த விலகல் அறிகுறி. நீங்கள் அஞ்சவேண்டியது வலிப்புக்கு. கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. அல்பிரசோலத்தை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுப் பட்டென்று நிறுத்தினால், பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதுவரை வாழ்க்கையில் ஒரு வலிப்பும் வராதவருக்கும் வரும். குளியலறையிலோ வண்டி ஓட்டும்போதோ வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. போன மாதம் நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும்.

எந்தக் காரணத்தாலோ ஒருநாள் மாத்திரை தவறிவிட்டது என்று வையுங்கள். கை லேசாக நடுங்குவது, வியர்ப்பது, தூக்கம் வராதது இவற்றுக்கு மருத்துவரைக் கூப்பிட்டால் போதும். ஆனால் கை கால் தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத உருவம் தெரிவது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று குழம்புவது, நடுக்கத்தோடு காய்ச்சல் அடிப்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே உங்களோடு வருகிறவர் மூன்று விஷயம் சொல்லவேண்டும்: மருந்தின் பெயர், ஒருநாள் அளவு, கடைசி மாத்திரை போட்ட நேரம். இதைச் சொல்லாமல் ‘ரொம்பப் பதற்றமாக இருக்கிறார்’ என்று மட்டும் சொன்னால், பேனிக் அட்டாக் என்று ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு. பேனிக் அட்டாக் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும். விலகல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நிற்கும். வெளிச்சமும் சத்தமும் குத்துவது பெரும்பாலும் விலகலைத்தான் காட்டும்.

ஏன் இப்படி? மூளையில் நரம்பு செல்களின் துள்ளலை அடக்க ‘காபா’ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அல்பிரசோலம், டயசிபாம், க்ளோனாசிபாம் எல்லாம் அந்தக் காபாவின் பிடியைக் கூட்டிக்கொடுக்கும் மருந்துகள். வெளியிலிருந்து தினமும் ஆள் வந்து பிடித்துக்கொண்டால், மூளை தன் பங்குக்குப் பிடியைத் தளர்த்திவிடும். ஒன்று மூன்றானது அதனால்தான். திடீரென்று வெளியாள் வராவிட்டால் பிடிக்க ஆளே இல்லை. தளர்ந்த பிடி இறுக வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்கு நேரம் கொடுப்பதுதான் படிப்படியாகக் குறைப்பது.

விடியற்காலை 5 மணி விழிப்பையும் இதில் சேருங்கள். நீங்கள் போடும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்: 8, 2, 9. இடைவெளி ஆறு மணி, ஏழு மணி, பதினோரு மணி. இந்த மருந்து சராசரியாகப் பதினோரு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஐந்து மணிக்கு உங்களை எழுப்புவது பெரும்பாலும் இருதயமும் இல்லை, விபத்தின் நினைவும் இல்லை, வற்றிக்கொண்டிருக்கும் மாத்திரை. குறைப்பதற்கு முன்னால் அதே மூன்றை எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக, காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவு ஒரு துளிகூடக் கூடாமல் பலருக்கு விடியற்காலைப் படபடப்பு இதிலேயே தணிகிறது.

அடிமையா என்றால், உடல் பழகிப்போவது வேறு, போதைநோய் வேறு. மாதக்கணக்கில் தினமும் எடுத்த எவருக்கும் உடல் பழகும், சீட்டுப்படி ஒழுங்காக எடுத்தவருக்கும் சேர்த்துத்தான். கிறக்கத்துக்காகப் போடுவது, நாலு மருத்துவரிடம் நாலு சீட்டு வாங்குவது, வேலையும் வீடும் கெட்டாலும் விடமுடியாதது இவையெல்லாம் இருந்தால்தான் போதைநோய் என்போம். நீங்கள் எழுதியதில் அவை இல்லை. ஆனால் அளவை நீங்களே மும்மடங்காக்கியதும், 14 மாதம் பழைய சீட்டிலேயே ஓட்டியதும் அந்தத் திசையில்தான் போகின்றன. கேள்வி கேட்காமல் கொடுத்த கடைக்காரரும் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

அந்த இரண்டு பெக்கைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணை உறுத்துகிறது. மதுவும் அதே காபாவைத்தான் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே மந்தமாகிவிடலாம். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் காலம் முழுக்க மது கூடாது. சில இரவுகள் மட்டும் என்பது உண்மையானால் இன்றே விட்டுவிடலாம். தினமும் என்பதைத்தான் சில இரவுகள் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், மதுவையும் திடீரென்று விடக்கூடாது, அதிலும் வலிப்பு வரும். மருத்துவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இரண்டையும் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மூச்சை மந்தமாக்குவதில் இரண்டும் மதுவுக்குச் சளைத்தவை அல்ல. டிரமடாலுக்கு வலிப்பைத் தூண்டும் குணமும் உண்டு.

மறதி நோய்க் கதை: 2014இல் கனடாவின் கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வு முதியவர்களில் இந்த வகை மருந்துக்கும் அல்சைமர் என்ற மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. இணையம் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டது. 2016இல் அமெரிக்காவின் சியாட்டிலில் முதியவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு, மருந்து மறதி நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதரவு தரவில்லை. மறதி நோயின் தொடக்கத்திலேயே பதற்றமும் தூக்கமின்மையும் வரும், அதற்காக மருந்து எழுதப்படும். எது முதல், எது பின் என்பதில்தான் குழப்பம். 41 வயதில் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். மாத்திரை உள்ளே இருக்கும்போது புதிதாகக் கேட்டது மனதில் தங்காது, அது நிஜம். மாத்திரை போட்டுவிட்டு வண்டி ஓட்டினால் கை தாமதிக்கும், அதுவும் நிஜம். விபத்தைப் பார்த்தவருக்கு நான் அதிகம் சொல்லவேண்டாம்.

இனி குறைப்பது. பொதுவாக ஏற்கப்பட்ட வேகம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம். எப்படி அவசரப்பட்டாலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் ஒருநாள் அளவு 1.5 மி.கி. 0.5 மாத்திரையின் கால் துண்டு 0.125, அதாவது எட்டு சதவீதம் சொச்சம். முதல் படிக்கு அது சரியான அளவு. முதல் கால் துண்டை மதியத்திலிருந்து எடுத்தால், அடுத்ததைக் காலையிலிருந்து, அதற்கடுத்ததை இரவிலிருந்து. ஒரே வேளையைக் கரைத்துக்கொண்டே போனால் அங்கே பள்ளம் விழும். நன்றாகப் போகிறதே என்று அதே கால் துண்டிலேயே கடைசிவரை போவதுதான் பலரும் சறுக்குமிடம். அளவு 0.75க்கு வந்தபிறகு அதே 0.125, கிட்டத்தட்ட 17 சதவீதம். அப்போது 0.25 மாத்திரைக்கு மாறி, அதில் கால் துண்டாக, அதாவது 0.0625ஆகக் குறைக்கவேண்டும். மொத்தத்தில் எட்டு மாதத்துக்குக் குறையாது, ஒன்றரை வருடம் ஆனாலும் தோல்வி இல்லை. மாத்திரை வெட்டும் டப்பா ஒன்று வாங்குங்கள், சமையலறைக் கத்தியில் பாதி தூளாகிவிடும். அட்டையில் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று இருந்தால் வெட்டவே கூடாது, மெதுவாகக் கரையவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதைக் குறைப்பது என்று நினைக்காதீர்கள். வாரம் நாலு தடவை உடம்பைத் திடீர் நிறுத்தத்துக்குள் தள்ளுவதுதான் அது. ‘தாங்கவில்லை என்றால் ஒன்று’ என்பதும் அப்படியே. கஷ்டமான வாரத்தில் இருந்த படியிலேயே நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். மருத்துவர் உங்களை டயசிபாமுக்கு மாற்றலாம், அது உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் இறக்கம் சமமாக இருக்கும். ஆனால் மாற்றுக் கணக்கை வீட்டில் போடாதீர்கள். 0.5 அல்பிரசோலத்துக்கு ஈடு 5 மி.கி. டயசிபாம் என்று ஒரு பட்டியல், 10 என்று இன்னொன்று. நடுக்கத்துக்குப் பிரப்ரனலால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். நடுக்கத்தை மறைக்கும், வலிப்பைத் தடுக்காது, ஆஸ்துமா இருந்தால் ஆபத்து. வேறு நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும் அல்பிரசோலம் எடுப்பதைச் சொல்லவேண்டும்: கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோல் மாத்திரையும் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், வலிப்பு மருந்தான கார்பமசெபின் இறக்கிவிடும்.

இவ்வளவும் மாத்திரையைப் பற்றி. ஹாரனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறதே, அதை இந்த மாத்திரை ஒருநாளும் குணப்படுத்தவில்லை. 1996இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், அதிர்ச்சி நடந்த சில நாட்களிலேயே க்ளோனாசிபாம் அல்லது அல்பிரசோலம் கொடுக்கப்பட்ட 13 பேரில் 9 பேருக்கு ஆறு மாதம் கழித்துப் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனக்கோளாறு, இருந்தது. மருந்து கொடுக்காமல் ஒப்பிட்ட 13 பேரில் 3 பேருக்குத்தான். சிறிய எண்ணிக்கை, அதையே வேதமாக்கக்கூடாது. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த மருந்துகள் பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவும் இல்லை, தீர்க்கவும் இல்லை.

தீர்ப்பது அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை. சும்மா மனசுவிட்டுப் பேசுவது அல்ல. பயத்தை விலக்காமல் நேரில் சந்திக்கவைக்கும் ‘நீடித்த வெளிப்பாட்டு முறை’ என்றால், 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணிவரை. கண்ணை மூடி, விபத்தை இப்போது நடப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை சொல்லவேண்டும். நடுநடுவே பதற்றம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள். அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்கவேண்டும். இன்னொரு பக்கம் விலகி நிற்கும் இடங்களுக்குப் போவது: முதலில் நிறுத்திய வண்டியில் உட்கார்வது, பிறகு பயணியாக அமைதியான சாலை, பிறகு நெரிசல். அமர்வுக்கு முன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் பாதி வீண். பதற்றம் தானாகவே இறங்கும் என்பதைத்தான் மூளை அங்கே கற்கவேண்டும், மாத்திரை அந்தப் பாடத்தை நடக்கவிடாது. 12 அமர்வில் எண்ணங்களைச் சோதிக்கும் முறையும், கண்ணசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையும் உண்டு.

முதலில் மாத்திரையை விட்டுவிட்டுப் பிறகு சிகிச்சைக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 1993இல் பேனிக் கோளாறு உள்ள 33 பேரிடம் நடந்த ஆய்வில், மெதுவாகக் குறைத்ததோடு பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள், குறைப்பு மட்டும் என்றால் 25 சதவீதம். மருந்தும் வேண்டுமென்றால் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் செர்ட்ரலின் அல்லது பராக்சிடின். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் இரண்டு வாரம் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். அந்த வாரங்களில் அல்பிரசோலத்தைக் குறைக்காமல் அதே அளவிலேயே தொடருங்கள். இல்லாவிட்டால் எது எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மற்றவை: விரல் மரத்துப்போவது பெரும்பாலும் வேகவேகமாக மூச்சு வாங்குவதால். ஏப்பம், விழுங்கிய காற்று. காதிரைச்சல் விலகலோடு வந்து போவது, ஒரு காதில் மட்டும் நிலையாக நின்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். முடிக்கும் இதற்கும் முடிச்சுப் போடவேண்டாம். இசிஜியைத் திரும்பத் திரும்ப எடுப்பதையும் நிறுத்துங்கள்.

இன்று இரவே வீட்டில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணுங்கள். நாளொன்றுக்கு மூன்று என்று வகுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். அது தீர்வதற்கு நான்கு நாள் முன்பாவது மனநல மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மாத்திரை போட்ட நேரம், அளவு, மது, தூங்கிய மணி, விழித்த மணி எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அந்தப் பழைய சீட்டையும்.