மூட்டமும் பீலித் தண்ணீரும்: வாசகர்களின் மின்சாரக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைப் பற்றியவை. காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று இலங்கைக்கு ஒளி கொடுக்கும் நீர்த்தேக்கங்களின் கரைகளில் வாழ்பவர்களே மின் பட்டியலுக்கும் மின்வெட்டுக்கும் அஞ்சி மாற்றுவழி தேடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே இயன்றவரை கணக்கோடு விடை எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் பாதி நாள் மூட்டம், குளிர் வேறு. சோலார் பெனல் போட்டால் பணம் வீண்தானா? (நுவரெலியா)

குளிரை நினைத்து அஞ்ச வேண்டாம். பெனலுக்கு வேண்டியது சூரியனின் ஒளிதானே தவிர அதன் சூடு அன்று. பெனலின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு, அதன் கலங்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். தாழ்நிலத்துத் தகரக் கூரையில் 60 பாகைக்குச் சூடேறும் பெனலை விட, உங்கள் கூரையில் 35 பாகையில் நிற்கும் பெனல் அதே வெயிலுக்கு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடுதலாகத் தரும்.

மூட்டம்தான் உண்மையான தடை. அடர்ந்த மூட்டத்தில் பெனலின் அளவில் பத்தில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிது. ஆனால் உங்கள் பக்கத்தில் காலை தெளிவாக இருந்து, நண்பகலுக்குப் பின் மூட்டம் இறங்குவதே பெரும்பாலான நாட்களின் வழக்கம். எனவே கூரையில் கிழக்குச் சரிவு இருந்தால், பெனல் தெற்கைத்தான் பார்க்க வேண்டும் என்று விற்பனையாளர் எவ்வளவு சொன்னாலும் கிழக்கையே தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு மாதம் காலை ஒன்பதுக்கும் நண்பகலுக்கும் மாலை மூன்றுக்கும் வெயில் இருந்ததா என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். சவுக்கு மரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும், தொடராக இணைத்த பெனல்கள் அனைத்தின் உற்பத்தியும் குறையலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. பெட்டரி இல்லாமல் மின்சார சபையின் இணைப்போடு சேர்த்த சோலார், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, நல்ல வெயில் இருந்தும் அத்தகைய வீடுகளில் மின்விசிறிகூடச் சுழலவில்லை.

மின்வெட்டு நேரத்தில் இரண்டு மூன்று விளக்கும் பிள்ளைகளின் படிப்புக்கான ரவுட்டரும் இயங்கினால் போதும். எந்தப் பெட்டரி வாங்கலாம்? (பண்டாரவளை)

மூன்று எல்.ஈ.டி. விளக்குகள், ரவுட்டர், ஒரு தொலைபேசி எல்லாம் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் போகாது. நான்கு மணி நேரத்துக்கு 200 வாட் மணி வேண்டும். வாகனங்களில் இருப்பது போன்ற ஈய அமில பெட்டரியை வாங்கினால், அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட் 40 அம்பியர் மணி தேவைப்படும். லித்தியம் அயன் பொஸ்பேட் (LiFePO4) வகையில் 20 அம்பியர் மணியே போதும். விலை கூடுதல் என்றாலும் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். ரவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்திலேயே இயங்குவதால், இடையில் இன்வர்ட்டரை வைத்து மின்சாரத்தை வீணாக்கத் தேவையில்லை.

ஈய அமில பெட்டரிதான் வாங்க முடியும் என்றால், அதைப் படுக்கும் காம்பராவில் வைக்காதீர்கள். ஏற்றும்போது அதிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். குளிருக்காக ஜன்னலை இறுகச் சாத்திவிட்டுத் தூங்கும் நம் வீடுகளில் அது ஆபத்து. இஸ்தோப்பில் காற்றோட்டமான மூலையே அதற்கு ஏற்ற இடம்.

தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து அதில் சமைக்கும் அடுப்பைத் தொலைபேசியில் பார்த்தேன். காஸ் செலவு மிச்சமாகுமா? (தலவாக்கலை)

மிச்சமாகாது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் செலவாகும். அதை எரித்தால் 33 அலகு அளவுக்கே வெப்பம் திரும்பி வரும். அந்த மின்சாரத்தை நேரே அடுப்புக்குக் கொடுப்பதே இலாபம். உருக்கு ஆலைக்கும் உரத் தொழிலுக்கும் ஐதரசன் பயன்படலாம். நம் குசினிக்கு அன்று.

அப்படியானால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா? எங்கள் வீட்டில் பருப்பு வேகவே நெடுநேரமாகிறது. (நானுஓயா)

பருப்பு வேகாததற்கு அடுப்பு காரணமன்று, மலைதான் காரணம். சுமார் 300 மீற்றர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். உங்கள் உயரத்தில் அது ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குப் பின் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, நீராவிதான் கூடும். ஆகையால் எந்த அடுப்பானாலும் முதலில் வாங்க வேண்டியது பிரஷர் குக்கர். பருப்பை முன்னிரவே ஊறவைத்துவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு, எடுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதமளவு பாத்திரத்துக்குக் கொடுக்கும்; காஸ் அடுப்பில் அவ்வளவு வெப்பம் பாத்திரத்துக்குப் போவதில்லை. ஆனால் 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும் என்பதால், லயத்து வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய 5 அம்பியர் வட்டத் துளைச் செருகியில் அதைப் பொருத்துவது தீயை அழைப்பதாகும். தனிக் கம்பியும் நில இணைப்பும் ட்ரிப் ஸ்விட்சும் உறுதியான பிறகே வாங்குங்கள். அதுவரை விறகுதான் என்றால், வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறை நன்கு காயவைத்து, இரண்டு பாத்திரம் வைக்கும் அனகி மண் அடுப்பில் எரியுங்கள். விறகும் குறையும், புகையும் குறையும். அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிக்கும் தாய்மாரை நினைத்தே இதை வற்புறுத்துகிறேன்.

தொலைபேசி சார்ஜரைச் செருகியிலேயே விட்டால் பட்டியல் ஏறுமா? (பதுளை)

நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது ஓராண்டில் இரண்டு அலகளவே எடுக்கும். ஒன்றரை லீற்றர் தண்ணீரைப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை கொதிக்க வைப்பதற்குச் சமம். பட்டியலுக்காக அன்றி, இடி மின்னலுக்காகக் கழற்றுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நம் பக்கத்தில் கடுமையானது. செருகியிலேயே விட்டிருந்த என் இன்வர்ட்டர் அப்படி ஓர் ஒக்டோபர் மாலையில் கருகிப்போனது.

இரண்டு மாடு வளர்க்கிறோம். சாண எரிவாயு சரிவருமா? (மஸ்கெலியா)

சரிவரும், ஆனால் தாழ்நிலத்தில் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. இரண்டு மாட்டின் 20 கிலோ சாணம் வெப்பமான இடத்தில் நாளொன்றுக்கு 0.8 கன மீற்றர் அளவு வாயு தரும். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓர் அடுப்பை எரிக்கும். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகை உகந்தது, 15 பாகைக்குக் கீழ் அவை ஏறத்தாழ ஓய்ந்துவிடும். எனவே குழியை நிலத்துக்குள் ஆழமாக அமைத்து, வழக்கத்தை விடப் பெரிதாகக் கட்டி, நண்பகல் வெயிலில் வைத்த தண்ணீரைச் சாணத்தோடு கலந்து ஊற்றுங்கள். மாரியில் பாதியே கிடைக்கும் என்று எண்ணி விறகையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குழம்பு மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல உரம்.

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு ஓடை விழுகிறது. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. அதில் கரண்ட் எடுக்க முடியுமா ஐயா? (பொகவந்தலாவை)

இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர உங்கள் பக்கத்து ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை எழுதினார். லக்சபானவில் மின் உற்பத்தி தொடங்க 1950 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் சொந்தச் சுழலிகளை ஓட்டின. 1990களிலிருந்து நாட்டின் பல கிராமங்களில் மக்களே சங்கம் அமைத்துச் சிறு நீர்மின் நிலையங்களை நடத்தினார்கள்.

கணக்கு எளியது. செக்கனுக்கு எத்தனை லீற்றர் என்பதை விழும் உயரத்தால் பெருக்கி, மீண்டும் ஐந்தால் பெருக்குங்கள். உராய்விலும் இயந்திரத்திலும் பாதி போனபின் மிஞ்சும் வாட் அது. இருபது லீற்றர் வாளி ஐந்து செக்கனில் நிறைந்தால் நான்கு லீற்றர். உயரம் 25 மீற்றர் என்றால் 500 வாட். இது இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு 12 அலகு வரும். 500 வாட் சோலார் பெனல் தருவது நாளுக்கு இரண்டு அலகு அளவுதான்.

குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு லீற்றரை இரண்டு அங்குலக் குழாயில் 100 மீற்றர் ஓடவிட்டால், உயரத்தில் எட்டு மீற்றரை உராய்வே தின்றுவிடும். மூன்று அங்குலத்தில் ஒரு மீற்றர்தான் போகும். விளக்குகளை அணைக்கும்போது வோல்ட் அளவு எகிறாதிருக்க, மிஞ்சும் மின்சாரத்தைச் சுடுதண்ணீருக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம். மின்சார சபையின் கம்பியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெற்று, பயன்படுத்திய தண்ணீர் பீலிக்கு மேலேயே ஓடையில் சேரும்படி அமையுங்கள். குடிதண்ணீரில் ஒரு சொட்டும் குறையக் கூடாது.

இப்போது மழை நாளில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மார்ச் நடுவில், ஒரு வாரமாவது மழை பெய்யாத நாளில், வாளியும் கடிகாரமும் கொண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். உயரத்தை மேசன் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் படிப்படியாக அளக்கலாம். அந்த இரண்டு எண்களையும், ஓடையிலிருந்து லயம் வரை எத்தனை மீற்றர் என்பதையும் எழுதுங்கள். குழாயின் பருமனையும் சுழலியின் வகையையும் கணக்கிட்டு அனுப்புகிறேன்.