படம் போட்டவர் யார் என்று பார்த்து வாங்குங்கள்

கேள்வி: அரையாண்டு லீவுக்கு அக்கா பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு 12. தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். புத்தகம் பரிசளிக்க ஆசை. என்ன வாங்கலாம்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எழுத்தே இல்லாத புத்தகங்களாக வாங்கிக் கொடுங்கள். ஏமாற்று வேலை போலத் தோன்றலாம், ஆனால் படத்தாலேயே முழுக் கதையும் சொல்வது ஓவியருக்கு மிகக் கடினமான வேலை. அதை அருமையாகச் செய்கிறவர்கள் நம் காலத்தில் இருக்கிறார்கள்.

சின்னவளுக்கு, தென்கொரியாவின் சூஸி லீ வரைந்த 'வேவ்' (2008). ஒரு சிறுமி, கடல், அவளோடு சில கடற்புறாக்கள், அவ்வளவுதான் கதை. கரியும் நீலமுமாக இரண்டே நிறம். முதலில் சிறுமி இடது பக்கத்தில் நிற்கிறாள், தண்ணீர் வலது பக்கத்தோடு நின்றுவிடுகிறது, புத்தகத்தின் நடு மடிப்பே இருவருக்கும் இடையில் சுவராக இருக்கிறது. அவள் மெல்லக் கையை நீட்டி அந்தக் கோட்டைத் தாண்டும்போது, ஒரு பெரிய அலை வந்து விழுந்து அவள் உடுப்பு வரைக்கும் நீலமாகும்போது, திருச்செந்தூரில் அலைக்குப் பயந்து ஓடி மறுபடி அலையிடமே போன எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. 2022இல் இவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. சிறுவர் நூல் உலகில் அதைவிடப் பெரிய விருதுகள் குறைவு.

அதோடு பிரியா குரியனின் 'அம்மச்சீஸ் கிளாசஸ்' புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள், சென்னை தூலிகா வெளியீடு. மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று ஒரு கேரளத்துப் பாட்டி படும் பாடு. இதிலும் வார்த்தை கிடையாது, ஆகவே பாட்டி என்ன முணுமுணுக்கிறாள் என்பதை நீங்கள்தான் உங்கள் ஊர்த் தமிழில் சொல்ல வேண்டும், அடுத்த முறை பிள்ளையே சொல்லும்.

பையனுக்கு ஷான் டான் வரைந்த 'தி அரைவல்' (2006). இவர் ஆஸ்திரேலியர், அப்பா மலேசியாவிலிருந்து அங்கே குடியேறியவர். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு கப்பலேறிப் போகிறவனின் கதை இது, பழைய புகைப்படங்களின் பழுப்பு நிறத்தில் பென்சிலால் வரைந்தது. அவன் இறங்கும் ஊரில் எழுத்தும் விசித்திரம், சாப்பாடும் விசித்திரம், விலங்குகளும் விசித்திரம், ஏனென்றால் எல்லாமே ஷான் டான் கற்பனையில் பிறந்தவை. அந்த ஊர்ப் பலகையை அவனாலும் படிக்க முடியாது, நம்மாலும் முடியாது. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போவது என்றால் என்ன என்று 12 வயதுப் பையனுக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டில் யாராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வந்தவர் இருந்தால், அவரிடமும் ஒரு நாள் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பி மகனுக்கு 8 வயது, பேச்சு திக்கும். பள்ளியில் வாயே திறப்பதில்லை. அவனுக்குப் பொருத்தமாக ஏதாவது உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. 'ஐ டாக் லைக் எ ரிவர்' (2020). எழுதிய ஜோர்டன் ஸ்காட் கனடாக் கவிஞர், அவருக்கே திக்கிப் பேசும் வழக்கம் உண்டு. படம் வரைந்தவர் சிட்னி ஸ்மித், அவரும் கனடாக்காரர், 2024இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். வகுப்பில் பேச முடியாமல் குமைந்து போன பையனை அப்பா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறார். ஆறும் ஒரே சீராக ஓடுவதில்லை, சுழிக்கிறது, நுரைக்கிறது, மோதுகிறது, நீயும் அப்படித்தான் பேசுகிறாய் என்கிறார். கண்ணை மூடிய பையனின் முகம் இரண்டு பக்கங்களை நிறைத்திருக்கும், அந்தத் தாள்களைப் பிரித்தால் உள்ளே வெயில் மினுங்கும் ஆறு அகலமாக விரியும். அந்த இடத்தை நான் கடந்து போக நேரமாகும். ஆங்கிலம் எளிதுதான், நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: 'உன்னை மாதிரிப் பையனைப் பற்றிய புத்தகம்' என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றப் புத்தகங்களோடு சேர்த்துக் கொடுங்கள், அவனே கண்டுகொள்வான்.

கேள்வி: ஓவியக் கல்லூரியில் படிக்கும் தோழிக்குப் பொங்கலுக்கு ஒரு நல்ல படப் புத்தகம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சென்னை தாரா புக்ஸின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', வேறு யோசனையே வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். பகலெல்லாம் நிழலும் உணவும் கொடுத்து உழைக்கும் மரங்கள் ராத்திரியில்தான் தங்கள் சொந்த உருவத்தைக் காட்டுமாம். கையால் செய்த கறுப்புத் தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் ஒவ்வொரு நிறமாக ஏற்றி, கையாலேயே தைத்த புத்தகம், மையின் வாசனைகூட இருக்கும். விலை கூடத்தான், ஆனால் அத்தனை பேரின் கைவேலைக்கு அது நியாயம்.

அது கட்டுப்படியாகாவிட்டால் பஜ்ஜு ஷ்யாமின் 'தி லண்டன் ஜங்கிள் புக்' வாங்குங்கள். போபாலில் இரவுக் காவலாளியாகவும் வேலை பார்த்தவர், ஒரு உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டன் போய்வந்து வரைந்தது. அவர் கண்ணுக்கு விமானம் பறக்கும் யானை, பிக் பென் கடிகாரம் சேவல். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கேள்வி: இதெல்லாம் எங்களுக்கு எட்டாத விலை. நான் அரசுப் பள்ளி ஆசிரியர், வகுப்பில் 30 பிள்ளைகள்.
- ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே ஏராளமான படக்கதைகள் இலவசம், இறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ராஜீவ் ஐப் வரைந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். கடலுக்குள் அழைத்துப் போகும் 'டைவ்!', பாட்டியும் பேரனும் நெம்புகோல், கப்பி என்று எளிய கருவிகளை வைத்துத் தேங்காய் பர்ஃபி செய்யும் 'அம்மச்சீஸ் அமேசிங் மெஷின்ஸ்', இரண்டையும் வகுப்பில் காட்டலாம். அச்செடுக்கும்போது அட்டையில் ஓவியரின் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.