படப் புத்தகத்தில் முனைவர் பட்டமா?

அம்மா, எம்.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், குழந்தைகளின் படப் புத்தகங்களில் யார் யார் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். "பத்து வரிப் புத்தகத்தில் ஆராய என்ன இருக்கிறது? யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பெற்ற மனம் கேட்கும் கேள்விகள்தான்.

இது நேற்று முளைத்த துறை அல்ல. அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைப் பற்றிப் பதிப்பகங்களிடம் விவரம் திரட்டி 1965-இல் வெளியிட்டார். ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்ற நூல்கள் 6.7 சதவீதம்தான். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985-இல் இப்படி எண்ணத் தொடங்கி, இன்றும் எண்ணி வருகிறது.

எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. காலையில் ஒரு சிறுமி பள்ளிக்குக் கிளம்பும் பக்கம் ஒன்றை வைத்துக்கொள்வோம். எழுத்தில் இருப்பது "மீனா கிளம்பிவிட்டாள்" என்பது மட்டும். படத்திலோ மீனாவுக்கு வெளிர் நிறம். வீட்டில் தனி அறை, மேசை, பூஜை மாடம். பாத்திரம் கழுவும் பெண் பக்கத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள். கறுப்பு நிறம், பெயர் இல்லை. கதையில் சாதி பற்றியோ மதம் பற்றியோ ஒரு சொல் கிடையாது. ஆனாலும் யார் கதையின் நாயகி, யார் ஓரத்து ஆள் என்பது நான்கு வயதுக் குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் பாத்திரம் கழுவும் பெண்ணின் குழந்தையும் அதே புத்தகத்தை அங்கன்வாடியில் புரட்டக்கூடும். இதைக் கவனித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? ஹைதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம் தலித், சிறுபான்மைக் குடும்பங்களின் வாழ்க்கையிலிருந்து எழுந்த கதைகளை 2008-இல் தனி வரிசையாகவே கொண்டுவந்ததற்குக் காரணம் இந்தக் குறைதான்.

உங்கள் மகளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று. "பண்பாட்டுப் பிரதிநிதித்துவம்" என்று அகலமாகத் தலைப்பு வைத்தால் கரை காணாமல் போய்விடுவாள். கடலோரக் குழந்தைகள், இஸ்லாமிய வீடுகள், பழங்குடிச் சிறுவர்கள் என்று ஏதாவது ஒன்றை எடுக்கட்டும்; காலத்தையும் பதிப்பகங்களையும் வரையறுத்துக்கொள்ளட்டும். தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கத் தெரிந்தது அவளுக்குப் பெரிய முதல். தாரா (1994), துளிகா (1996) இரண்டும் சென்னைப் பதிப்பகங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பகங்கள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று.

சேருவதற்கு முன் ஒரு சோதனை. இந்த விடுமுறையில் முப்பது புத்தகங்களை எடுத்து, கதாபாத்திரத்தின் பெயர், நிறம், தொழில், வீடு, பக்கத்தில் நிற்கும் இடம், பேசுகிறாரா இல்லையா என்று அட்டவணை போடட்டும். அதே புத்தகங்களுக்குத் தோழி ஒருத்தி தனியாக அட்டவணை போடட்டும். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்தால், ஆய்வு எவ்வளவு கடினம் என்பது அவளுக்கே விளங்கும். பத்தாவது புத்தகத்திலேயே சலிப்புத் தட்டினால் விட்டுவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

இனி வேலை. குழந்தை நூல் பதிப்பகங்களில் இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் குறைவு, மறைத்துப் பயனில்லை. அதனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான வழியைத் திறந்தே வைக்க வேண்டும். அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். அதே தேர்வின் வழியே தரப்படும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர வேண்டாம். சிறார் இலக்கியத்திலோ, படங்களும் காட்சிகளும் சமூகத்தை எப்படிக் காட்டுகின்றன என்று பார்க்கும் காட்சிப் பண்பாட்டிலோ ஆர்வமுள்ள ஆய்வு நெறியாளரை முதலில் தேடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்க நினைத்தால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஜெர்மனியின் மியூனிக்கில் 1949-இல் தொடங்கப்பட்ட சர்வதேச இளையோர் நூலகம் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைக்கிறது. ஆய்வு கொஞ்சம் முன்னேறிய பிறகு அதற்கு விண்ணப்பிக்கலாம். முப்பது புத்தக அட்டவணை தயாரானதும் அதையும் எடுத்துக்கொண்டு அவளை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட வாருங்கள்.